எல்லையோரக் கிளையும் பணிப்பட்டியலின் கணிதமும்

களியக்காவிளையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 66 வழியாகத் திருவனந்தபுரம் நோக்கிச் செல்வோர் சில நிமிடங்களில் பாறசாலையை அடைகின்றனர். அதைக் கடந்தால் நெய்யாற்றின்கரை. வழியில் கடைப்பலகைகளின் எழுத்து மாறுகிறது. மக்களின் பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆட்சி எல்லை அவ்வாறு அமைந்தபோதிலும் உறவும் வணிகமும் எல்லையின் இருபுறமும் தொடர்கின்றன.

இவ்வெல்லையோரச் சிற்றூர்களில் உள்ள வங்கிக் கிளை ஒன்றின் மேலாளருக்கு, பிற ஊர் மேலாளர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. வங்கிகளுக்கான விடுமுறையை அந்தந்த மாநில அரசு 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கிறது. ஆகவே ஓணத்தன்று பாறசாலையில் கிளை மூடியிருக்கும், களியக்காவிளையில் திறந்திருக்கும். பொங்கலன்று நிலைமை தலைகீழாகும். அண்டை மக்களின் உணர்வை மதித்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓணத்திற்கும், திருவனந்தபுரம் உள்ளிட்ட கேரளத்தின் எல்லை மாவட்டங்களில் பொங்கலுக்கும் உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுகிறது. ஆயினும் உள்ளூர் விடுமுறை பொதுவாக அச்சட்டத்தின்கீழ் வருவதில்லை. பள்ளி மூடியிருக்கும் அன்று வங்கி திறந்திருக்கும்.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பொங்கலன்று விடுப்புக் கேட்பவர்கள் தமிழ்க் குடும்பத்து ஊழியர்கள். கிளைக்கு வரும் தமிழ் வாடிக்கையாளர்களுடன் தமிழில் பேசி விண்ணப்பம் நிரப்பித் தர வல்லவர்களும் பெரும்பாலும் அவர்களே. அனைவருக்கும் விடுப்பு அளித்தால் மலையாளம் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் திரும்பிப் போக நேரும். எவருக்கும் அளிக்காவிட்டால் ஊழியரின் மனம் வாடும். யாருக்கு இல்லை என்பது? அதற்கான காரணத்தை எவ்வாறு காட்டுவது? இவ்வினாக்களுக்குத் துணைநிற்கும் கணிதப் பிரிவுகள் இரண்டு: சேர்மானக் கணிதமும் கோட்டுருவியலும். அவற்றின் சில அடிப்படைப் பாடங்களை இக்கட்டுரையில் காண்போம். பாடத்தில் வரும் கிளையும் கடையும் விளக்கத்திற்காக நாம் கற்பனை செய்துகொண்டவை, கணிதம் உண்மையானது.

புள்ளிகளும் கோடுகளும்

கோட்டுரு என்பது சில புள்ளிகளும் அவற்றுள் சிலவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படம். புள்ளியை முனை என்றும் அழைப்பர். எது எதனுடன் தொடர்புடையது என்பதே இதில் முக்கியம். நீளமும் வடிவமும் பொருட்டல்ல. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒருமுறை மட்டும் கடந்து உலா வர இயலுமா என்ற வினாவை 1736இல் ஆராய்ந்த ஆய்லர், இயலாது என்று இவ்வழியில் நிறுவினார். ஒவ்வொரு நிலப்பகுதியிலும் எத்தனை பாலங்கள் முடிகின்றன என்று எண்ணியதே அவருக்குப் போதுமானதாயிற்று. வழிகள் அனைத்தையும் நடந்து பார்த்துச் சலிக்க வேண்டியதில்லை. இயலாமைக்கான காரணத்தையே சுட்டிக்காட்டலாம் என்பது அக்கட்டுரை தந்த பெரும் பாடம். பணிப்பட்டியலுக்கும் அதுவே பொருந்தும்.

முதற்பாடம்: ஆள் குறைவா, கோடு குறைவா?

நம் கிளையில் ஐந்து இருக்கைகள் உள்ளன: ரொக்கம், நகைக்கடன், தமிழ் உதவி மேசை, புதுக்கணக்கு, பயிர்க்கடன். ஊழியரும் ஐவர்: அ, ஆ, இ, ஈ, உ. அ, ஆ ஆகிய இருவரும் ரொக்கம், நகைக்கடன், தமிழ் உதவி மேசை ஆகிய மூன்றையும் கவனிக்க வல்லவர்கள். இ, ஈ, உ ஆகிய மூவரும் புதுக்கணக்கு, பயிர்க்கடன் ஆகிய இரண்டையும் அறிந்தவர்கள். இருக்கை ஐந்து, ஆள் ஐவர். எந்த இருக்கைக்கும் குறைந்தது இருவர் தகுதி பெற்றுள்ளனர். மேலோட்டமாகப் பார்த்தால் குறையொன்றும் இல்லை. எனினும் எவ்வாறு மாற்றி அமைத்தாலும் ஓர் இருக்கை காலியாகவே இருக்கும்.

ஒரு தாளின் இடப்பக்கம் ஐந்து இருக்கைகளையும் வலப்பக்கம் ஐந்து பெயர்களையும் எழுதி, யாருக்கு எது தெரியுமோ அதற்குக் கோடு வரைந்தால் காரணம் கண்ணில் படும். முதல் மூன்று இருக்கைகளிலிருந்து புறப்படும் கோடுகள் அனைத்தும் இரண்டே பெயர்களில் போய் முடிகின்றன. மூன்று நாற்காலிகளில் இருவர் அமர இயலாது.

இந்த எளிய தடையைத் தவிர வேறு தடை எதுவும் இல்லை என்று 1935இல் பிலிப் ஹால் என்னும் ஆங்கிலக் கணிதவியலர் நிறுவினார். இருக்கைகளுள் எந்தக் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும், அவற்றுள் ஒன்றையேனும் கவனிக்க வல்லவர்களின் எண்ணிக்கை அக்கூட்டத்தின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருந்தால், எல்லா இருக்கைகளையும் நிரப்ப வழி உறுதியாக உண்டு. வழி இல்லையெனில், ஆள் போதாத கூட்டம் ஒன்று எங்கேனும் மறைந்திருக்கிறது என்பது உறுதி. ஹங்கேரியின் கோனிக், எகர்வாரி ஆகியோர் 1931இல் வெளியிட்ட முடிவுகள் இதனுடன் நெருங்கிய தொடர்புடையவை. அவற்றை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்கரான ஹரால்டு கூன் 1955இல் அமைத்த முறை, அவர்களின் நாட்டை நினைவுகூர்ந்து ஹங்கேரிய முறை என்றே வழங்குகிறது. எந்தப் பணியை யாருக்குக் கொடுத்தால் மொத்தச் செலவு மிகக் குறையும் என்பதை அது கணக்கிட்டுத் தரும்.

இனி நம் கிளைக்கு என்ன மருந்து? புதுக்கணக்கு மட்டும் அறிந்த ஆறாம் ஊழியரை அமர்த்தினால் செலவு கூடும். காலி இருக்கை காலியாகவே இருக்கும். ஆவுக்குப் பயிர்க்கடனையும் கற்பித்தாலும் பயனில்லை. ஏனெனில் குறைபட்ட மூன்று இருக்கைகளுக்கு அப்போதும் அதே இருவர்தாம். உவுக்கு ரொக்கப் பணியைக் கற்பித்தாலோ, ஒரே ஒரு கோடு கூடி எல்லாம் சரியாகிவிடும்: உ ரொக்கத்திலும், அ நகைக்கடனிலும், ஆ உதவி மேசையிலும், இ புதுக்கணக்கிலும், ஈ பயிர்க்கடனிலும் அமரலாம். ஏற்கெனவே பல பணி அறிந்தவருக்கே மேலும் மேலும் பயிற்சி அளிப்பது நிறுவனங்களில் இயல்பாக நிகழ்வது. எங்கே கோடு குறைகிறதோ அங்கே பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே இப்படம் கூறும் அறிவுரை.

இரண்டாம் பாடம்: ஒரே நேரத்தில் எத்தனை பேர்?

பயிர்க்கடன் ஆவணங்களை விளக்க ஐந்து வாடிக்கையாளர்களுக்கு நேரம் குறித்திருக்கிறோம் என்று கொள்வோம். முதலாமவர் 10 மணி முதல் 11 வரை, இரண்டாமவர் 10.30 முதல் 12 வரை. மூன்றாமவர் 11 முதல் 12.30 வரை, நான்காமவர் 11.30 முதல் 1 வரை. ஐந்தாமவர் 12 முதல் 1.30 வரை. எத்தனை அலுவலர்கள் தேவை?

ஒவ்வொரு சந்திப்பையும் ஒரு முனையாக்கி, நேரம் மோதும் சந்திப்புகளைக் கோட்டால் இணைப்போம். ஒவ்வோர் அலுவலருக்கும் ஒரு நிறம் கொடுத்து, கோட்டால் இணைந்த இரு முனைகளுக்கு ஒரே நிறம் வாராதவாறு நிறமிட வேண்டும். 11.30க்கும் 12க்கும் இடையில் மூன்று சந்திப்புகள் ஒருங்கே நடக்கின்றன. எனவே மூவருக்குக் குறைந்தால் ஆகாது. மூவர் போதுமா? முதலாமவரையும் மூன்றாமவரையும் ஓர் அலுவலர் கவனிக்கலாம், இரண்டாமவரையும் ஐந்தாமவரையும் மற்றொருவர், நான்காமவரை இன்னொருவர். போதும். நாளின் நேரம் ஒரே நேர்கோடாகச் செல்லும் பட்டியல்களில், மிகுந்த நெரிசலில் ஒருங்கே நடக்கும் பணிகளின் எண்ணிக்கையே தேவையான ஆட்களின் எண்ணிக்கை. அதற்குமேல் ஒருவரும் வேண்டியதில்லை.

நேரம் வட்டமாகச் சுழலும் இடங்களில் இந்த எளிமை கெடுகிறது. இரவும் பகலும் காவல் உள்ள ஒரு கிடங்கில் ஐந்து காவலர்: நள்ளிரவு 12 முதல் காலை 6, காலை 5 முதல் 11, முற்பகல் 10 முதல் மாலை 4, பிற்பகல் 3 முதல் இரவு 9, இரவு 8 முதல் பின்னிரவு 2. எந்த நேரத்திலும் இருவருக்கு மேல் பணியில் இல்லை. ஒவ்வொருவரும் நாள்தோறும் தமக்கென ஒதுக்கிய அதே வாக்கி டாக்கியைப் பயன்படுத்த வேண்டுமெனில் இரண்டு போதுமா? ஒன்றுவிட்டு ஒன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தால், ஐந்தாமவருக்கும் முதலாமவருக்கும் ஒரே கருவி வந்து மோதும். மூன்று தேவை. ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைந்த வளையமே இங்கே இடையூறு.

இத்தகைய இடையூறு எதுவும் இல்லாத கோட்டுருக்களே, எப்பகுதியை எடுத்தாலும் நெரிசலும் தேவையும் சமமாக அமையும் நிறைவுக் கோட்டுருக்கள் என்று 1960களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் கிளோட் பெர்ஜ் கருதினார். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஒற்றைப்படை முனைகளைக் கொண்ட வளையமும், அவ்வளையத்தில் கோடுள்ள இடத்தில் கோடின்றியும் கோடில்லா இடத்தில் கோடிட்டும் கிடைக்கும் அதன் மறுதலை உருவமுமே தடைகள் என்பது அவர் கணிப்பு. அதை நிறுவப் பல்லாண்டு முயற்சி நடந்தது. அம்முயற்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய கே. ஆர். பார்த்தசாரதியும் ஜி. ரவீந்திராவும், ஒரு முனையுடன் இணைந்து தமக்குள் இணையாத மூன்று முனைகள் எங்கும் அமையாத கோட்டுருக்களுக்கு அக்கணிப்பு உண்மையே என்று 1976இல் நிறுவினர். முழுமையான நிறுவலைச் சுட்னோவ்ஸ்கி, ராபர்ட்சன், சேமோர், தாமஸ் ஆகிய நால்வர் 2002இல் அறிவித்தனர். 2006இல் அது அச்சேறியது. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் நிறுவனத்திலிருந்து கோட்டுருவியலுக்கும் சேர்மானக் கணிதத்திற்கும் உரிய பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று 2004 முதல் வெளிவருவதும் நாம் மகிழத்தக்கது.

மூன்றாம் பாடம்: ஒரு விதியின் விலை

நியூயார்க் துறைமுக ஆணையத்தின் சுங்கச்சாவடிகளில் வண்டிகள் காத்திருக்கும் நேரத்தை லெஸ்லி ஈடி என்பவர் ஆராய்ந்து 1954இல் கட்டுரை வெளியிட்டார். எந்நேரத்தில் எத்தனை சாவடிகள் திறந்திருக்க வேண்டும் என்பது அதனால் தெரிந்தது. அத்தேவையை நிறைவுசெய்ய எந்தெந்தப் பணிமுறையில் எத்தனை பேரை அமர்த்தினால் மொத்த ஆட்கள் மிகக் குறைவர் என்று, ஜார்ஜ் டான்ட்சிக் அதே ஆண்டில் ஒரு சிறு குறிப்பில் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார். பணிப்பட்டியல் ஆய்வுகள் இன்றும் அவ்வடிவத்தையே பின்பற்றுகின்றன.

இதை ஒரு கடைக்குப் பொருத்திப் பார்ப்போம். நெய்யாற்றின்கரைப் பக்கத்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் செவ்வாயும் வியாழனும் சந்தை நாட்கள் என்று கொள்க. அவ்விரு நாட்களிலும் ஆறு பேர் வேண்டும். புதன், வெள்ளி, ஞாயிறு ஆகிய நாட்களில் நால்வர். சனி, திங்கள் ஆகிய நாட்களில் மூவர். வாரத்தின் மொத்தத் தேவை 30 ஆள்நாள். ஒருவர் வாரத்தில் 5 நாள் உழைத்தால் 6 பேர் போதும் என்று கணக்குச் சொல்கிறது.

ஓய்வு நாட்கள் இரண்டும் அடுத்தடுத்து வரவேண்டும் என்று ஒரு நல்ல விதி சேர்ப்போம். இப்போது புதன்கிழமையைப் பாருங்கள். அதன் முன்னும் பின்னும் சந்தை நாட்கள். அவற்றில் எவருக்கும் ஓய்வில்லை. எனவே புதனன்று எவரும் ஓய்வெடுக்க இயலாது. நால்வர் போதுமான நாளில் அறுவரும் வந்து நிற்பர். வெள்ளி முதல் திங்கள் வரை கொடுக்கக்கூடிய ஓய்வு முறையே 2, 3, 2, 3 என மொத்தம் 10. அறுவருக்கோ 12 வேண்டும். ஆகவே 6 பேரைக்கொண்டு இப்பட்டியலை அமைக்க இயலாது.

வழிகள் இரண்டு. ஏழாமவர் ஒருவரை அமர்த்தினால், மூவருக்கு வெள்ளி–சனி, மூவருக்கு ஞாயிறு–திங்கள், ஒருவருக்குத் திங்கள்–செவ்வாய் என ஓய்வு தரலாம். அல்லது ஆறு பேரே இருந்து, அவர்களுள் இருவர் மட்டும் ஓய்வைப் பிரித்துக்கொள்ள இசைந்தால் போதும்: ஒருவருக்குப் புதனும் சனியும், மற்றவருக்குப் புதனும் திங்களும், எஞ்சிய நால்வரில் இருவருக்கு வெள்ளி–சனி, இருவருக்கு ஞாயிறு–திங்கள். அந்த விதியின் விலை ஓர் ஆளின் முழு ஊதியம், அல்லது இருவரின் இசைவு. எதைத் தேர்வது என்பதைக் கடை உரிமையாளரும் ஊழியரும் பேசி முடிவு செய்ய வேண்டும். இருப்பவை இவ்விரண்டே என்று மூடி மறைக்காமல் காட்டுவதே கணிதத்தின் பணி.

நான்காம் பாடம்: முறை வைத்தல்

மீண்டும் பாறசாலைக் கிளைக்கு வருவோம். தமிழ் நன்கறிந்தவர் மூவர் என்று கொள்வோம். பொங்கல், மாட்டுப்பொங்கல், திருக்கார்த்திகை ஆகிய மூன்று நாட்களிலும் கிளை திறந்திருக்கிறது. உதவி மேசையில் ஒருவர் இருந்தாக வேண்டும். மூவருக்கும் ஒரே நாளில் விடுப்பு இயலாது என்பதை முதற்பாடமே சொல்லிவிடும். ஒருவர் இருக்க, இருவர் செல்லலாம். யார் இருப்பது?

முதலாண்டில் மூன்று நாட்களுக்கும் முறையே அ, ஆ, இ. இரண்டாமாண்டில் ஆ, இ, அ. மூன்றாமாண்டில் இ, அ, ஆ என்று மூன்று வரிசைகளாக எழுதுக. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொருவரும் ஒருமுறை. ஒவ்வொரு நிரலிலும் ஒவ்வொருவரும் ஒருமுறை. எவரும் ஆண்டுக்கு ஒருநாள் மட்டுமே இருப்பர். மூன்றாண்டில் எவரும் பொங்கலை ஒருமுறை மட்டுமே இழப்பர். இவ்வமைப்புக்கு இலத்தீன் சதுரம் என்று பெயர்.

இரண்டு இலத்தீன் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது எந்த இணையும் இருமுறை வாராதிருக்க இயலுமா என்பது ஆய்லர் எழுப்பிய வினா. ஆறு படைப்பிரிவுகளைச் சேர்ந்த ஆறு தரநிலை அதிகாரிகள் 36 பேரை அவ்வாறு நிறுத்த இயலாது என்றும், 10, 14 போன்ற எண்களுக்கும் இயலாது என்றும் 1782இல் வெளியான கட்டுரையில் அவர் கருதினார். ஆறுக்கு அவர் கூற்று சரியே. ஆனால் பத்துக்கும் அதற்கு மேற்பட்ட அத்தகைய எண்களுக்கும் அது தவறு என்று ஆர். சி. போஸ், எஸ். எஸ். ஸ்ரீகண்டே, இ. டி. பார்க்கர் ஆகிய மூவரும் 1959இல் காட்டினர். ஏறத்தாழ 177 ஆண்டுகள் நிலைத்த கருத்தை மாற்றிய அம்மூவருள் இருவர் இந்தியர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டது.

கணினியே போதாதா?

எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிட்டால் என்ன என்று வாசகர் கேட்கலாம். பத்து ஊழியர், மூன்று பணிமுறை, முப்பது நாள் என்றால் எழுதத்தக்க பட்டியல்களின் எண்ணிக்கை 144 இலக்கங்கள் கொண்டது. ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க எந்தக் கணினிக்கும் காலம் போதாது. முதற்பாடத்தின் வினாவுக்கு விரைவான வழி உண்டு. ஆனால் பொதுவான நிறமிடல், சாவடிப் பட்டியலைப் போன்ற மூடல் வினா ஆகியவை கடினமான வினாக்களின் வரிசையில் சேர்ந்தவை என்று ரிச்சர்டு கார்ப் 1972இல் காட்டினார். அவற்றுள் ஒன்றுக்கு எல்லா நிலையிலும் விரைவான வழி கிடைத்தாலும் அனைத்துக்கும் கிடைத்துவிடும். இல்லை என்றும் இதுவரை எவரும் நிறுவவில்லை. இவ்வினாவைத் தீர்ப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்தது. பரிசு இன்னும் வழங்கப்படவில்லை. நடைமுறையில் மென்பொருள்கள் நல்ல பட்டியல்களைத் தருகின்றன. ஆயினும், "ஏன் எனக்கு விடுப்பு இல்லை?" என்று கேட்கும் ஊழியருக்கு, "கணினி அவ்வாறு சொல்கிறது" என்பது விடையாகாது. ஆள் போதாத கூட்டத்தைக் காட்டுவதே விடை.

வாசகர் செய்து பார்க்க

கோவில் திருவிழாக் குழு, தேவாலயப் பெருவிழாக் குழு, மகளிர் சுய உதவிக் குழு, சிறுகடை என எங்கும் இப்பாடங்கள் பயன்படும். முதலில் பணிகளை ஒருபுறமும் பெயர்களை மறுபுறமும் எழுதி, உண்மையில் தெரிந்தவற்றுக்கு மட்டும் கோடு வரையுங்கள். அடுத்து, மிகக் குறைந்த கோடுகள் உள்ள பணிகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து, அவற்றுக்கு எத்தனை பேர் உள்ளனர் என எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால், வேறு ஆளைத் தேடுமுன் எந்த ஒரு பயிற்சி அக்குறையைத் தீர்க்கும் என்று பாருங்கள். விரும்பாத பணிகளுக்கு இலத்தீன் சதுரம் போட்டு, அனைவரும் காணும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஓய்வு, விடுப்பு பற்றிய விதி ஒன்றைச் சேர்க்கும்போது அதன் விலையையும் கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த தை முதல் நாளன்று எல்லையோரக் கிளை ஒன்றின் உதவி மேசையில் ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பதைக் காண நேர்ந்தால், அவர் வீட்டிலும் அன்று பொங்கல் பொங்குகிறது என்பதை நினைவிற்கொண்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு உங்கள் படிவத்தை நீட்டுங்கள்.